பனி அகற்றும் லோரிக்கு எந்த விளக்கு? பளிச்சென்று எரிந்தால் மட்டும் போதாது

நெடுஞ்சாலையில் பராமரிப்பு வேலை நடக்கும் இடத்தில் மஞ்சள் விளக்கு மின்ன நிற்கும் லோரி, மலேசிய வாகனமோட்டிகளுக்குப் பழக்கமான காட்சி. அதைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து அடுத்த தடத்துக்கு மாறிவிடுகிறோம். ஆனால், கனடாவிலும் வட அமெரிக்காவின் குளிர் மாநிலங்களிலும் கொட்டும் பனிக்கு நடுவே சாலையைச் சுத்தம் செய்யும் லோரிக்கு அந்த ஒரு மஞ்சள் விளக்கு போதுமா என்ற கேள்வி பல ஆண்டுகளாகவே இருந்து வருகிறது.

காரணம், அந்த லோரிகளைப் பின்னாலிருந்து மோதும் விபத்துகள். பனியைத் தள்ளும் லோரி பெரும்பாலும் மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகும். பின்னால் வரும் கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், இரண்டுக்கும் நடுவே உள்ள 100 மீட்டர் இடைவெளி ஏறக்குறைய ஆறே விநாடியில் கரைந்துவிடும். அதோடு, லோரி கிளப்பிவிடும் பனித்தூள் அதன் பின்புறத்தையே வெள்ளைத் திரை போல மூடிவிடுகிறது. காரோட்டி லோரியைப் பார்ப்பதற்கு முன் பார்ப்பது விளக்கைத்தான். சில நேரங்களில் விளக்கை மட்டும்தான்.

முதலில் சட்டம், பிறகு கடை

விளக்கு வாங்கும் முன் பார்க்க வேண்டியது உள்ளூர்ச் சட்டம். ஒரே நிறத்துக்கு இடத்துக்கு இடம் வேறு பொருள் உண்டு.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் சாலையில் பனி அகற்றும் லோரிகள் நீல நிற மின்னும் விளக்கைப் பயன்படுத்துகின்றன. அங்கே பச்சை மின்விளக்கு, தன்னார்வத் தீயணைப்பு வீரர்களின் வாகனத்துக்கு உரியது. எல்லை தாண்டி அமெரிக்காவின் ஒஹையோவுக்குப் போனால் நிலைமை தலைகீழ். அங்கே மாநிலப் போக்குவரத்துத் துறையின் பனி லோரிகளில் மஞ்சளோடு பச்சையும் மின்னுகிறது. நீலம் போலீசுக்கு உரியது. மினசோட்டாவில் மஞ்சளும் நீலமும் சேர்ந்து வருகின்றன. ஆகவே ஓர் ஊரில் முறையாகப் பொருத்திய விளக்கு, அடுத்த ஊரில் சட்டமீறலாகிவிடலாம்.

மஞ்சளோடு இன்னொரு நிறம் ஏன்?

மஞ்சள் விளக்கு எல்லாரிடமும் இருக்கிறது. இழுவை லோரி, குப்பை லோரி, மின்கம்பம் பழுதுபார்க்கும் வண்டி என எங்கும் அதையே பார்ப்பதால், காரோட்டியின் மனம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வேறொரு நிறம் சேரும்போது ‘இது பனி லோரி’ என்று உடனே பிரித்தறிய முடிகிறது.

இன்னொரு காரணம் நம் கண்ணிலேயே இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் அதிகமாக உணர்வது ஏறக்குறைய 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை கலந்த ஒளியை. இருட்டில் இந்த உச்சம் 507 நானோமீட்டருக்கு, அதாவது நீலப்பச்சைப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. எச்சரிக்கை விளக்கின் மஞ்சளோ 590 நானோமீட்டரை ஒட்டியது. அதனால்தான் இருள் கூடக் கூட, பச்சையும் நீலமும் கண்ணுக்கு எடுப்பாகத் தெரிகின்றன.

ஒளி கூடினால் ஆபத்தும் கூடும்

இவ்வகை விளக்குகளின் ஒளித்திறனை ‘எஸ்ஏஇ ஜே845’ என்ற அமெரிக்கத் தரநிலை மூன்று வகுப்புகளாகப் பிரிக்கிறது. முதல் வகுப்புதான் ஆக வலுவானது. பட்டப்பகலில் பனி வெளுப்புக்கு எதிராகத் தெரிய அந்த வலு தேவைப்படும்.

அதே விளக்கு இரவில் எதிரியாக மாறலாம். விழுந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு பனித்துகளும் ஒளியைத் திருப்பி அடிக்கிறது. லோரி ஓட்டுநரின் கண்ணும் கூசும், பின்னால் வருபவரின் கண்ணும் கூசும். ஆகவே இரவில் ஒளியைக் குறைக்கும் வசதி உள்ள விளக்கே நல்ல தேர்வு.

மின்னினால் தெரியும், தொடர்ந்து எரிந்தால் புரியும்

பலரும் கவனிக்காத விஷயம் இதுதான். மின்னும் விளக்கு ‘இங்கே ஒரு வாகனம் இருக்கிறது’ என்று சொல்லும். அது எவ்வளவு தூரத்தில், எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதைச் சரியாகச் சொல்லாது. விளக்கு அணைந்து அணைந்து எரியும்போது, இடைவெளி குறைவதைக் கண்ணால் தொடர்ந்து அளக்க முடிவதில்லை.

நியூயார்க் மாநிலத்தின் ரென்சிலர் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஒளியியல் ஆய்வாளர்கள், பனி லோரியின் பின்புறத்தில் தொடர்ந்து எரியும் நீள விளக்குப் பட்டைகளைப் பொருத்திச் சோதித்தனர். மின்னும் விளக்குகளைவிட அவை இருந்தபோது, லோரியை நெருங்குகிறோம் என்பதைப் பின்னால் வந்தவர்கள் விரைவாக உணர்ந்தார்கள். லோரியின் இரு ஓரங்களிலும் அப்படி எரியும் பட்டைகள் இருந்தால், அதன் அகலமும் தெளிவாகத் தெரியும்.

எனவே மின்னும் விளக்கு, தொடர்ந்து எரியும் விளக்கு இரண்டுமே வேண்டும். ஒன்று கவனத்தை ஈர்க்க, மற்றது தூரத்தைக் காட்ட.

எல்இடியின் குளிர்ச்சி

பழைய ஹாலஜன் சுழல்விளக்கு மின்சாரத்தை அதிகம் தின்னும். ஆனால் அதன் சூட்டில், கண்ணாடி மேல் படியும் பனி உருகி வழிந்துவிடும். எல்இடி விளக்கு குறைந்த மின்சாரத்தில் நீண்ட காலம் உழைக்கும். அதன் முகப்போ சூடாவதில்லை. விழுந்த பனி அப்படியே ஒட்டிக்கொண்டு ஒளியை மறைத்துவிடும்.

இதற்காகவே முகப்பைச் சூடாக்கும் வசதியுள்ள எல்இடி விளக்குகள் விற்கப்படுகின்றன. விலை கூடுதல்தான். அந்த வசதி இல்லையென்றால், ஓட்டுநர் அடிக்கடி இறங்கிக் கையால் துடைக்க வேண்டும். ஓடும் சாலையோரத்தில் அதுவும் ஆபத்தான வேலை.

எங்கே பொருத்துவது?

பனித்தூள் மேகம் கீழிருந்து கிளம்புவதால், பின்புற விளக்குகள் முடிந்தவரை உயரத்தில் இருக்க வேண்டும். ஓட்டுநர் அறையின் கூரையில் மட்டும் விளக்கு வைத்தால், உப்பு கொட்டுவதற்காகப் பின்பெட்டியைத் தூக்கும்போது பின்னால் வருபவருக்கு அது மறைந்துவிடும்.

முன்பக்கத் தகட்டை உயர்த்தினால் லோரியின் முகப்பு விளக்குகளே மறையும். அதனால் அவற்றுக்கு மேலே தனியாக ஒரு சோடி தேவை. பக்கவாட்டில் நீளும் இறக்கைத் தகடு உள்ள லோரியென்றால் அதன் நுனிக்கும் ஒரு விளக்கு வேண்டும். அந்தத் தகடு பக்கத்துத் தடம் வரை நீண்டிருப்பது தெரியாமல் முந்தப் பார்க்கும் கார்கள் அதில்தான் மோதுகின்றன.

பொருத்தி முடித்தபின் செய்ய வேண்டிய சோதனை எளிது. தகடுகளை நீட்டி, பின்பெட்டியைத் தூக்கிவிட்டு, லோரியைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். எந்தப் பக்கத்தில் நின்றாலும் குறைந்தது ஒரு விளக்காவது கண்ணில் பட வேண்டும்.

காரில் இருப்பவர்களுக்கு

டொரொண்டோ வட்டாரத்தில் தமிழர்கள் பெருமளவில் வசிக்கிறார்கள். நம்மில் பலருக்கு அங்கே உறவினர்களோ நண்பர்களோ இருக்கலாம். குளிர்காலத்தில் அங்கு போய்க் கார் ஓட்டுபவர்கள், தூரத்தில் நீல விளக்கு மின்னினால் அது போலீஸ் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. வேகத்தைக் குறைத்து, நல்ல இடைவெளி விட்டு, லோரிக்குப் பின்னாலேயே போவதுதான் பாதுகாப்பு. லோரிக்கு முன்னால் இருப்பது பனி மூடிய சாலை. சுத்தம் செய்த சாலை அதன் பின்னால்தான் இருக்கிறது.