ஊசிக்கு முன்னே ரத்தப் பரிசோதனை

அறுபதைத் தாண்டிய ஒருவர் சாவி வைத்த இடத்தை மறந்தாலும், பேரனின் பெயரைச் சொல்லத் தடுமாறினாலும், பேச்சை நடுவில் விட்டுவிட்டு வெறித்துப் பார்த்தாலும், 'வயதாகிவிட்டது, இனி அப்படித்தான்' என்று வீட்டார் தீர்ப்பெழுதிவிடுவதும், அந்தத் தீர்ப்பை வைத்தியர்களிலும் சிலர் ஆராயாமலே ஊர்ஜிதம் செய்துவிடுவதும் நம் நாட்டில் சர்வசாதாரணமாகிவிட்டன. அந்த மறதிகளில் ஒரு பகுதி, பெரும்பகுதி அல்லவென்றாலும் அலட்சியம் செய்யத் தகாத ஒரு பகுதி, பி12 என்னும் வைட்டமின் குறைவினால் வருவது. காலத்தில் கண்டுபிடித்தால் குணப்படுத்தக்கூடியது, அல்லது மேலும் முற்றாமல் நிறுத்தக்கூடியது.

நான் பார்த்த ஒரு பெரியவரின் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சைவ போஜனம், பல வருஷங்களாகச் சர்க்கரை வியாதிக்கு மெட்ஃபார்மின், நெஞ்செரிச்சலுக்கென்று எப்போதோ எழுதிக் கொடுத்த பான்டோபிரசோலை நிறுத்தச் சொல்வாரின்றி அதுவும் தினந்தோறும் வெறும் வயிற்றில். கடைக்குப் போனவர் வழியில் ஒரு செருப்பு கழன்று விழுந்ததைக் கால் உணராமல் மற்றொரு செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் தள்ளாடிச் சுவரைப் பிடித்தார். பென்ஷன் பணத்தை எண்ணியதையே திரும்பத் திரும்ப எண்ணினார். மகன் அவரைத் தெருமுனையிலிருந்த ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போக, அங்கே பரிசோதனை எதுவுமின்றி பி12 கலந்த 'நரம்பு ஊசி' ஐந்து போட்டார்கள். அதன் பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது ரத்தத்தில் பி12 அளவு 2000க்கு மேல் இருந்தது. 'பி12 ஏராளமாக இருக்கிறது, இது மூளைத் தேய்மானம்தான்' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். ஊசி போட்ட ரத்தத்தில் பி12 ஏராளமாக இல்லாமல் வேறென்ன இருக்கும்? ஊசி போட்டதுண்டா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை, வீட்டாரும் சொல்லவில்லை, கிளினிக்கோ ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கொடுக்கவில்லை. ஐந்து ஊசியோடு சிகிச்சையும் நின்றுபோயிற்று.

பி12 தாவரங்களில் இல்லை. மாமிசம், மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான் உண்டு. ஆகவே காப்பியில் கலக்கும் பாலையும் ஒரு கரண்டி மோரையும் நம்பி வாழும் சைவர்களுக்குக் குறைவு எளிதில் வரும். சுருள்பாசி மாத்திரையில் இருப்பதோ பெரும்பாலும் உடலுக்கு உதவாத போலி வடிவம். உணவிலிருந்து இந்தச் சத்தைப் பிரித்தெடுக்க இரைப்பையின் அமிலம் வேண்டும். வயது ஏற ஏறப் பலருக்கு அது வற்றுகிறது. பான்டோபிரசோல், ஒமெப்ரசோல் போன்ற மாத்திரைகள் அதை வருஷக்கணக்கில் அடக்குகின்றன; மெட்ஃபார்மினோ சிறுகுடலின் கடைசிப் பகுதியில் சத்து உறிஞ்சப்படுவதையே தடுக்கிறது. ஈரல் சில வருஷங்களுக்குப் போதுமான பி12ஐச் சேமித்து வைத்திருப்பதால் குறைவு மெள்ளத்தான் வெளிப்படும். அதனால்தான் யாரும் காரணத்தோடு காரியத்தை முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. மெட்ஃபார்மின் சாப்பிடுவோரிடம் பி12 குறைவைக் கவனிக்க வேண்டுமென்று பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2022இலேயே எச்சரித்துவிட்டது. தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. அது மெச்சத்தக்க காரியம். மாத்திரை வரும் வாசலுக்கு இந்த எச்சரிக்கையும் வந்திருக்கலாம்.

இனிச் செய்ய வேண்டியது. முதலில் ஒரு வெள்ளைத் தாளில் பெரியவர் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயர், அளவு, எத்தனை வருஷமாக என்ற விவரம், கடைசியாகச் சத்து ஊசியோ பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையோ எடுத்துக்கொண்ட தேதி ஆகியவற்றை எழுதுங்கள். காலில் எரிச்சல், மதமதப்பு, நடையில் தள்ளாட்டம், நாக்குப் புண், குணத்தில் மாறுதல் ஆகியவை எந்த மாதம் தொடங்கின என்பதையும் எழுதுங்கள். அந்தத் தாளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவம், முதியோர் மருத்துவம் அல்லது நரம்பியல் புறநோயாளிப் பிரிவுக்குப் போய்ச் சீட்டுப் பதிந்து, முழு ரத்த அணுப் பரிசோதனை, ரத்தப் பூச்சுப் பரிசோதனை, சீரம் பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரை ஆகியவற்றை எழுதித் தரும்படி கேளுங்கள். தைராய்டுக் குறைவு, சோடியம் இறங்குதல், மனச்சோர்வு, கீழே விழுந்ததில் மண்டைக்குள் கசிந்த ரத்தம் ஆகியவையும் மறதி வேஷத்தில் வருமாதலால் பி12 ஒன்றோடு நின்றுவிடக் கூடாது. பி12 பரிசோதனை எல்லா அரசு ஆய்வகங்களிலும் கிடைப்பதில்லை. இல்லையென்றால் அதைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டு வெளியே செய்யுங்கள். மூத்த குடிமக்களுக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் தனி வரிசை ஏற்படுத்த வேண்டுமென்று 2007ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. எழுபது வயதுக்காரரைப் பொது வரிசையில் நிறுத்தினால் அந்தச் சட்டத்தைச் சுட்டி மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள்.

ரத்தம் எடுக்கும் வரை எந்தச் சத்து ஊசியும் வேண்டாம். சத்து மாத்திரையும் வேண்டாம். மறுபடியும் சொல்கிறேன்: ஊசி பிறகு, ரத்தம் முன்பு.

பி12 அளவு ஒரு மில்லிலிட்டரில் 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவென்பது ஏறக்குறைய நிச்சயம். 200க்கும் 300க்கும் இடையில் இருந்தால் சந்தேகம். அப்போது, பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹோமோசிஸ்டீன் அல்லது மெத்தில்மலோனிக் அமிலத்தின் பரிசோதனை தெளிவு தரும். ஹோமோசிஸ்டீனுக்கு எடுத்த ரத்தத்தை உடனே பிரித்தெடுக்காமல் மேஜைமேல் விட்டுவைத்தால் அளவு பொய்யாக உயரும். ஆகையால் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றும் ஏற்பாட்டைத் தவிருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே என்றும் ஏமாந்துபோகக் கூடாது. ரத்தசோகை இல்லாமலே நரம்பு கெட்டவர்கள் உண்டு. நடையில் தள்ளாட்டம் தெரிந்துவிட்டதென்றால், ரத்தத்தை எடுத்த அன்றைக்கே, முடிவுக்குக் காத்திராமல், சிகிச்சையைத் தொடங்குவது வைத்தியரின் கடமை. 1000 மைக்ரோகிராம் ஊசி முதலில் அடுத்தடுத்தும், பிறகு வாரத்துக்கொன்றும், அப்புறம் மாதத்துக்கொன்றுமாகப் போடுவது வழக்கம். உறிஞ்சும் சக்தியே போனவர்களுக்கு இது ஆயுள்பரியந்தம் தேவை. ஐந்து ஊசியோடு முடிகிற காரியம் அல்ல. மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். சர்க்கரை ஏறினால் அது வேறோர் அபாயம்.

மருந்துக் கடையில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. பி12 குறைவைப் பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் விழுங்கினால் ரத்தசோகை சரியானதுபோல் தோன்றும். நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். 'நரம்பு மாத்திரை' என்று கேட்டு வாங்கும் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: மெத்தில்கோபாலமினோடு பிரிகாபாலின் அல்லது காபாபென்டின் சேர்ந்திருந்தால், அது மயக்கமும் தள்ளாட்டமும் தரும் மருந்து, மறதிக்கென்று கொடுத்த மாத்திரையே மறதியை வளர்த்து, பெரியவரை இரவில் குளியலறையில் விழத்தட்டும். பி6 அளவுக்கு மீறிப் பல மாதங்கள் போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

குறைவு இல்லாதவர்களுக்கு இந்த வைட்டமின்கள் ஞாபக சக்தியை வளர்க்குமா? ஆக்ஸ்ஃபோர்டில் டேவிட் ஸ்மித் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், லேசான மறதியுள்ள முதியோருக்கு ஃபோலிக் அமிலம், பி6, பி12 மூன்றையும் இரண்டு வருஷம் கொடுத்தபோது மூளை சுருங்கும் வேகம் ஏறக்குறைய 30 சதவீதம் தணிந்தது. ஹோமோசிஸ்டீன் அதிகமாக இருந்தவர்களுக்கே பலன் மிகுதி. ஆனால் சுமார் 22,000 பேரைச் சேர்த்து 2014இல் வெளிவந்த தொகுப்பாய்வோ அறிவுத்திறனில் பிரயோஜனம் எதையும் காணவில்லை. ஆகவே குறைவுள்ளவருக்கு இது மருந்து. மற்றவருக்குக் காசுக்குக் கேடு. மூளை வியாதியைத் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954ஆம் வருஷத்து ஆட்சேபகரமான மருந்து விளம்பரச் சட்டப்படி குற்றம். விளம்பரத்தின் பிரதியையும் கடை ரசீதையும் வைத்து மாவட்ட மருந்து ஆய்வாளருக்குப் புகார் எழுதலாம். நஷ்டஈடு வேண்டுமானால் இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், வாங்கியதன் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. ரசீது இல்லாமல் எதுவும் நடக்காது, ரசீதை வாங்குங்கள்.

சிகிச்சைக் குறிப்புகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டுமென்பது வைத்தியர்களுக்கான 2002ஆம் வருஷ ஒழுங்குவிதி. தனியார் கிளினிக் மறுத்தால் மாவட்டத்தின் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கு மனுச் செய்யுங்கள்.

கடைசியாக ஒரு வேதனையான விஷயம். 'அப்பாவுக்குப் புத்தி தடுமாறுகிறது' என்று சொல்லிக்கொண்டே அதே அப்பாவைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போய்ச் செட்டில்மெண்டுப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கும் புத்திரர்களும் இருக்கிறார்கள். காரணம் கண்டு சிகிச்சையில் புத்தி தெளியும் வரை எந்தப் பத்திரமும் எழுதக் கூடாது. பராமரிக்கும் நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த பிறகு கைவிட்டார்களென்றால், 2007ஆம் வருஷச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தை ரத்துச் செய்யக் கோரி வருவாய்க் கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம், வக்கீல் அவசியமில்லை. வழி தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேட்கலாம்.

உங்கள் வீட்டில் மெட்ஃபார்மின் சாப்பிடும் பெரியவர் இருந்தால், அடுத்த தவணை மாத்திரை வாங்கும்போதே பி12 பரிசோதனைக்குச் சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள்.