நீலக்குருவிக்குச் சிவப்புச் சட்டை... காசு கொடுத்தால் கலரையும் மாற்றலாமா?

2012 ஜூன் 6. வேல்ஸ் நாட்டுத் தலைநகரான கார்டிஃபில் இருந்த கால்பந்து ரசிகர்களுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. ‘கார்டிஃப் சிட்டி கிளப் இனிமேல் சொந்த மைதானத்தில் சிவப்பு ஜெர்சியில் ஆடும்.’

ஒரு ஜெர்சி கலர் மாறுவதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? கார்டிஃப் சிட்டி 1908-லிருந்து நீலத்தில் ஆடிவரும் டீம். செல்லப் பெயரே ‘புளூபேர்ட்ஸ்’, அதாவது நீலக்குருவிகள். 1927-ல் அர்செனலை 1-0 என்று வீழ்த்தி எஃப்.ஏ கோப்பையை வேல்ஸுக்குக் கொண்டுபோனதும் இந்த டீம்தான். இங்கிலாந்துக்கு வெளியே இருக்கும் வேறு எந்த கிளப்பும் இன்றுவரை அந்தக் கோப்பையை ஜெயித்ததில்லை. தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை நீலம் அணிந்து வளர்ந்த குடும்பங்கள் அந்த ஊரில் ஏராளம்.

அதிர்ஷ்டக் கலர் சிவப்பு!

மாற்றத்துக்குக் காரணம், கிளப்பில் பணம் போட்டிருந்த மலேசியத் தொழிலதிபர் வின்சென்ட் டான். சிவப்பு ஆசிய மக்களுக்கு ராசியான நிறம், சிவப்பு ஜெர்சியும் டிராகன் சின்னமும் இருந்தால் ஆசியச் சந்தையில் கிளப்பைப் பிரபலமாக்கலாம் என்பது அவர் தரப்புக் கணக்கு. கிளப் சின்னத்தில் பெரிதாக இருந்த நீலக்குருவி சுருங்கி அடியில் போய் உட்கார்ந்தது. அதன் இடத்துக்குச் சிவப்பு டிராகன் வந்தது.

ரசிகர்களால் உடனே ‘முடியாது’ என்றும் சொல்ல முடியவில்லை. கிளப்புக்குக் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. மே மாதமே இந்தத் திட்டம் வெளியே கசிந்து, எதிர்ப்பு கிளம்பியதும் கைவிடப்பட்டது. ஆனால், டான் பணத்தோடு விலகிவிட்டால் கிளப் என்னாவது என்ற பயமும் கூடவே வந்தது. அடுத்த மாதமே திட்டம் உயிர்பெற்றது. ‘கிளப் பிழைத்தால் போதும், எந்தக் கலராக இருந்தால் என்ன’ என்று ஒரு தரப்பு. ‘கலர் போன பிறகு பிழைப்பது நம்ம கிளப்பே இல்லையே’ என்று இன்னொரு தரப்பு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வேல்ஸ் தேசிய அணியின் ஜெர்சி சிவப்புதான். வேல்ஸ் கொடியில் இருப்பதும் சிவப்பு டிராகன்தான். நாட்டுக்காகச் சிவப்பு போட்டுக்கொண்டு ஆரவாரம் செய்தவர்கள்தான் கிளப்புக்குச் சிவப்பு வேண்டாம் என்றார்கள். அவர்களுக்குச் சிவப்பின் மேல் வெறுப்பில்லை. நாடு வேறு, ஊர் வேறு. போதாக்குறைக்கு, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பரம எதிரி பிரிஸ்டல் சிட்டியின் நிறமும் சிவப்பு!

சிவப்பு ராசியாகவே தொடங்கியது. முதல் சீஸனிலேயே இரண்டாம் டிவிஷனில் முதலிடம். 2013-ல் முதல்முறையாக பிரீமியர் லீகில் நுழைந்தது கார்டிஃப். ஜெயித்தும் மனசு ஆறவில்லை. 2014 மார்ச்சில் ரசிகர்கள் நீலம் அணிந்து ஊர்வலம் போனார்கள். அந்த சீஸன் முடிவில் டீம் கடைசி இடம் பிடித்து மீண்டும் கீழே இறங்கியது.

அம்மா சொன்ன வார்த்தை

2015 ஜனவரி 9 அன்று டான் மனம் மாறினார். நீலமே திரும்பட்டும் என்று அறிவித்தார். தீவிர பௌத்தரான தன் அம்மா ஒற்றுமையைப் பற்றியும் மகிழ்ச்சியைப் பற்றியும் எடுத்துச் சொன்னதை அந்த அறிக்கையிலேயே குறிப்பிட்டிருந்தார். மறுநாளே ஃபுல்ஹாம் அணியோடு ஆட்டம். நீல ஜெர்சியில் இறங்கிய கார்டிஃப் 1-0 என ஜெயித்தது. பிறகு வந்த புதிய சின்னத்தில் நீலக்குருவி பழைய இடத்துக்கு வந்தது. டிராகன் அடியில் சின்னதாக ஒதுங்கியது.

திரும்பி வராத ஊதா

எல்லா ஊரிலும் கதை இப்படிச் சுபமாக முடிவதில்லை. ஆஸ்திரியாவில் 1933-ல் தொடங்கப்பட்ட சால்ஸ்பர்க் கிளப்பின் நிறம் ஊதாவும் வெள்ளையும். 2005-ல் எனர்ஜி டிரிங்க் நிறுவனமான ரெட் புல் அந்த கிளப்பை வாங்கியது. பெயர் மாறியது. சின்னம் மாறியது. ஊதா போய்ச் சிவப்பும் வெள்ளையும் வந்தது. ரசிகர்கள் எவ்வளவோ பேசிப் பார்த்தும் நிறுவனம் இறங்கி வரவில்லை.

அங்கே ஊர்வலத்தோடு விஷயம் நிற்கவில்லை. ஊதா ரசிகர்கள் பழைய பெயரிலேயே சொந்தமாக ஒரு கிளப்பைத் தொடங்கிவிட்டார்கள். ஆஸ்திரியக் கால்பந்தின் ஏழாவது டிவிஷனில், அடிமட்டத்திலிருந்து ஆரம்பம். படிப்படியாக ஏறி 2015-ல் இரண்டாவது டிவிஷன் வரை வந்தார்கள். அங்கே பணப் பிரச்னையால் ஒரே சீஸனில் இறங்க வேண்டியதாயிற்று. ரெட் புல் டீமோ ஆஸ்திரியாவில் பட்டத்துக்கு மேல் பட்டம் வாங்கியது. கோப்பைகள் ஒரு பக்கம், ஊதா இன்னொரு பக்கம் என்று ஊரே பிரிந்துபோனது.

அப்போ கலரை மாற்றவே கூடாதா?

அப்படிச் சொன்னால் வரலாறே சிரிக்கும். இத்தாலியின் யுவென்டஸ் ஆரம்பத்தில் ஆடியது பிங்க் நிறச் சட்டையில்! துவைத்துத் துவைத்துச் சாயம் வெளுத்ததால், 1903-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காமிலிருந்து புதுச் சட்டைகள் வரவழைத்தார்கள். வந்தவை நாட்ஸ் கவுன்ட்டி கிளப்பின் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டைகள். அதுவே நிலைத்துவிட்டது. அந்த நன்றியை மறக்காமல், 2011-ல் தன் புது ஸ்டேடியத்தைத் திறந்தபோது நாட்ஸ் கவுன்ட்டியை அழைத்துத்தான் முதல் ஆட்டம் ஆடியது யுவென்டஸ்.

லீட்ஸ் யுனைடெட்டை வெள்ளைக்கு மாற்றியவர், 1961-ல் மேனேஜரான டான் ரெவி. ரியல் மாட்ரிட் போல ஆக வேண்டும் என்ற ஆசை அவருக்கு. லிவர்பூலுக்குச் சிவப்புச் சட்டையோடு சிவப்பு டிரவுசரும் 1964-ல் வந்தது மேனேஜர் பில் ஷாங்க்லியின் யோசனையால். முழுச் சிவப்பில் வீரர்கள் இன்னும் உயரமாக, மிரட்டலாகத் தெரிகிறார்கள் என்று அவர் நம்பினார். இவற்றை ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள். காரணம் எளிது. மாற்றியவர்கள் டீமோடு வியர்வை சிந்தியவர்கள். மாற்றம் ஜெயிப்பதற்காக வந்தது, விற்பதற்காக அல்ல.

சட்டை சரக்கான கதை

விற்பனை என்ற எண்ணம் 1970-களில் நுழைந்தது. சாதா வெள்ளைச் சட்டையை எந்தத் தையல் கம்பெனியும் தைத்துவிடலாம். அதில் தனி டிசைனும் லோகோவும் சேர்த்துவிட்டால்? ஒரு கம்பெனி மட்டும்தான் விற்க முடியும். இந்த சூத்திரத்தைப் பிடித்துக்கொண்ட அட்மிரல் நிறுவனம், லீட்ஸ் அணியின் ஜெர்சியைப் போலவே தைத்துக் கடைகளில் விற்றது. ரெப்ளிகா ஜெர்சி வியாபாரம் அங்கிருந்து வேகம் பிடித்தது.

இன்று பெரிய கிளப்புகள் சீஸனுக்கு மூன்று ஜெர்சி வெளியிடுகின்றன. ஹோம், அவே, மூன்றாவதாக ஒன்று. பெரியவர்களுக்கான ஒரு ரெப்ளிகா சுமார் 80 பவுண்டு. நம் பணத்தில் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல்! அடுத்த வருடமே அது பழசு. பிள்ளைகள் ‘புதுசு வேணும்’ என்று நிற்க, பெற்றோருக்குத்தான் பர்ஸ் கனம் குறைகிறது. விலையிலும் விளையாட்டு நடந்தது. இங்கிலாந்து அணி, மான்செஸ்டர் யுனைடெட் போன்றவற்றின் ரெப்ளிகா விலையைக் கூட்டுச் சேர்ந்து நிர்ணயித்ததற்காக, தயாரிப்பாளர், கடைகள், கிளப் எனப் பல தரப்புக்கும் 2003-ல் மொத்தம் 1.86 கோடி பவுண்டு அளவுக்கு அபராதம் விழுந்தது.

அவே ஜெர்சியில் எந்தக் கூத்து அடித்தாலும் ரசிகர்கள் பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போகிறார்கள். 1996-ல் மான்செஸ்டர் யுனைடெட் சாம்பல் நிறத்தில் ஆடி, சவுத்தாம்ப்டனிடம் பாதி ஆட்டத்திலேயே 3-0 எனப் பின்தங்கியது. சாம்பல் சட்டையில் சக வீரர்கள் கண்ணுக்கே தெரியவில்லை என்று சொல்லி, இடைவேளையில் சட்டையையே மாற்றினார்கள். அந்தச் சாம்பல் ஜெர்சி அதோடு மூட்டை கட்டப்பட்டது. யாரும் ஊர்வலம் போகவில்லை. அவே ஜெர்சி பண்டிகைக்கு எடுக்கும் துணி மாதிரி. ஹோம் ஜெர்சி வீட்டுப் பெயர் மாதிரி.

இந்த வித்தியாசத்தைச் சட்டமும் இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறது. 2025 ஜூலையில் பிரிட்டனில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. இங்கிலாந்து லீகின் மேல்மட்ட கிளப்புகள் இனி தங்கள் சின்னத்தையோ ஹோம் ஜெர்சியின் முக்கிய நிறத்தையோ மாற்ற நினைத்தால், உள்நாட்டு ரசிகர்களில் பெரும்பான்மையினரின் ஆதரவு வேண்டும். அதே லீகில் ஆடும் கார்டிஃபுக்கும் இது பொருந்தும்.

ஜெர்சியின் விலையையும், வருடத்துக்கு எத்தனை ஜெர்சி என்பதையும் இன்னமும் கிளப்தான் முடிவு செய்யும். ஆனால், நீலக்குருவி எந்த நிறத்தில் பறக்க வேண்டும் என்று கார்டிஃப் மக்களைக் கேட்காமல் இனி ஒருவர் முடிவெடுக்க முடியாது.