கணிப்பொறி அறிக்கைகளில் எழுத்துக் கோளாறுகள்: காரணமும் பரிகாரமும்

முன்னேற்றத் திட்டங்களின் பயன் மக்களைச் சென்றடைவதற்கு ஆவணங்கள் இன்றியமையாதவை. பயனாளிகள் பட்டியல், நிலப் பதிவேட்டின் நகல், ஓய்வூதிய ஆணை, வரி ரசீது போன்றவை ஒரு காலத்தில் கையால் எழுதப்பட்டன. பின்னர் தட்டச்சு செய்யப்பட்டன. இன்று அவற்றில் பெரும்பாலானவை அறிக்கை தயாரிக்கும் மென்பொருள்களின் வாயிலாகவே வெளிவருகின்றன. தரவுத்தளத்தில் சேமிக்கப்பட்டுள்ள விவரங்களை எடுத்து, முன்னரே வகுக்கப்பட்ட படிவத்தில் பொருத்தி, அச்சிடத்தக்க ஏடாக ஆக்கித் தருவதே இம்மென்பொருள்களின் பணியாகும்.

நமது அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் இடம்பெற்றுள்ளன. இம்மொழிகளில் ஏடுகள் தயாராகும்போது எழுத்துகளுக்குப் பதிலாகக் கட்டங்கள் தோன்றுவதும், கேள்விக்குறிகள் வரிசையாக நிற்பதும், உயிர்க்குறிகள் இடம் மாறுவதும் அலுவலகங்களில் அடிக்கடி காணப்படுகின்றன. இதனை வெறும் அழகுக் குறை என்று ஒதுக்கிவிட இயலாது. ஒருவரது பெயர் ஓர் ஏட்டில் ஒருவிதமாகவும் மற்றோர் ஏட்டில் வேறுவிதமாகவும் இருப்பின், தமக்குரிய உதவியைப் பெற அவர் அலுவலகம் அலுவலகமாக அலைய நேரிடும். ஆகவே இக்கோளாறுகளின் தோற்றுவாயை அறிந்து களைவது நிர்வாகத்தின் கடமைகளில் ஒன்றாகிறது.

குறியீடும் வடிவமும்

இச்சிக்கலைப் புரிந்துகொள்ள ஓர் அடிப்படை வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். கணிப்பொறி எழுத்தைச் சேமிப்பதில்லை; எழுத்துக்கு உரிய எண்ணையே சேமிக்கிறது. இந்த எண் குறியீடு எனப்படும். குறியீட்டுக்கு உரிய உருவத்தைத் திரையிலோ தாளிலோ வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. குறியீடு சரியாக இருந்து உருவம் மட்டும் பிழைபட்டிருந்தால் ஆவணத்தைக் காப்பாற்றலாம். குறியீடே அழிந்துபோனால் எந்த எழுத்துருவும் அதனை மீட்டுத் தராது.

ரூபாய்ச் சின்னத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். மத்திய அரசு இச்சின்னத்தை 2010 ஜூலை 15 அன்று ஏற்றுக்கொண்டது. அதற்கெனத் தனிக் குறியீடு 2010 அக்டோபரில் வெளியான யூனிகோடு 6.0 பதிப்பில்தான் இடம்பெற்றது. இடைப்பட்ட காலத்தில், விசைப்பலகையிலுள்ள வேறொரு குறியின் இடத்தில் ரூபாய்ச் சின்னத்தின் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துருக்கள் பரவின. அந்த எழுத்துரு உள்ள கணிப்பொறியில் தொகைக்கு முன்னால் ரூபாய்ச் சின்னம் தெரிந்தது. எழுத்துரு இல்லாத கணிப்பொறியிலோ அதே இடத்தில் ஒரு சாய்ந்த சிறு கோடு மட்டுமே தெரிந்தது. உருவம் மாறியதே தவிரக் குறியீடு மாறவில்லை என்பதே காரணம்.

இந்திய மொழிகள் கடந்து வந்த பாதை

ரூபாய்ச் சின்னத்துக்குச் சில மாதங்கள் நேர்ந்த நிலை இந்திய மொழிகள் அனைத்துக்கும் பல ஆண்டுகள் நீடித்தது. இந்திய எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1991-ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதே ஆண்டில் உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு முறையின் முதற்பதிப்பும் வந்தது. எனினும் அலுவலகங்களில் வேரூன்றியவை தனித்தனி எழுத்துருக்களே. ஆங்கில எழுத்துகளின் இடங்களில் இந்திய எழுத்துகளின் உருவங்களை வரைந்து வைத்தவை அவை. இந்தியில் கிருதிதேவ், தமிழில் பாமினி ஆகியன இவ்வகையின. தமிழுக்கென 1999-இல் வகுக்கப்பட்ட தாம், தாப் என்னும் குறியீடுகளும் சில காலம் வழங்கின. இறுதியில், மின் ஆளுகைக்கான எழுத்துக் குறியீட்டுத் தரமாக யூனிகோடு முறையை 2009-ஆம் ஆண்டில் மத்திய அரசு அறிவித்தது. பழைய முறைகளில் சேமித்த விவரங்களும் புதிய முறையில் சேமித்த விவரங்களும் ஒரே அறிக்கையில் கலக்கும்போதுதான் கோளாறுகள் பெருகுகின்றன.

கோளாறின் தோற்றமே காரணத்தைக் காட்டும்

நோயாளியின் அறிகுறிகளைக் கொண்டு மருத்துவர் நோயை அறிவதுபோல, தாளில் காணப்படும் பிழையின் தோற்றத்தைக் கொண்டே அதன் காரணத்தை ஊகிக்கலாம்.

எழுத்துக்கு ஒரு கட்டம் வீதம் தோன்றினால், குறியீடு நலமாக உள்ளது, அதற்குரிய உருவம் எழுத்துருவில் இல்லை என்று பொருள். அம்மொழிக்குரிய யூனிகோடு எழுத்துருவை அறிக்கைப் படிவத்தில் அமைத்தால் போதும்.

பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்து தோன்றினால், அது பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட பகுதியாகும். அந்தப் பழைய எழுத்துருவை மீண்டும் நிறுவுவது தற்காலிகத் தீர்வே. உரிய மாற்று அட்டவணையின் துணையால் யூனிகோடுக்கு மாற்றுவதே நிலையான தீர்வு. இடையிடையே மெய்யான ஆங்கிலச் சொற்கள் இருப்பின் அவற்றை முதலில் பிரித்துவிட வேண்டும். இல்லையேல் அவையும் சிதைந்துவிடும்.

மேலே கோடிட்ட இலத்தீன் ‘ஏ’ எழுத்தும், வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்துள்ள வணிகப் பதிவுக் குறியும் மீண்டும் மீண்டும் வந்தால் அது வேறொரு கோளாறாகும். சரியான யூனிகோடு உரையை மென்பொருள் மேலைநாட்டுக் குறியீடாகத் தவறாகப் படித்திருக்கிறது. காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட உரைக் கோப்புகளைக் கணக்குத்தாள் மென்பொருளில் நேரடியாகத் திறக்கும்போது இது பெரும்பாலும் நேர்கிறது. கோப்பை மூடிவிட்டு, குறியீட்டு முறை யூடிஎஃப்-8 எனக் குறிப்பிட்டு மீண்டும் திறந்தால் சரியாகும். ஆனால் சிதைந்த நிலையிலேயே சேமித்துவிடக் கூடாது. தமிழ்ப் புள்ளியைக் குறிக்கும் மூன்று பைட்டுகளில் கடைசிப் பைட்டுக்கு விண்டோஸின் மேற்கு ஐரோப்பியக் குறியீட்டு அட்டவணையில் எழுத்து ஏதும் ஒதுக்கப்படவில்லை. எனவே சில மென்பொருள்கள் அதனைக் கைவிட்டுவிடும். பிறகு புள்ளிகளை மீட்க இயலாமற்போகும்.

யாவற்றிலும் கொடியது கேள்விக்குறிகளின் வரிசை. இந்திய எழுத்துகளுக்கு இடமில்லாத குறுகிய குறியீட்டுக்கு உரை மாற்றப்படும்போது, இடம் கிடைக்காத ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாகக் கேள்விக்குறி வைக்கப்படுகிறது. கேள்விக்குறியின் எண் 63. எல்லா எழுத்துகளும் 63 என்னும் ஒரே எண்ணாக மாறிய பின் எந்தப் பெயர் எது என்று யாராலும் கூற முடியாது. தரவுத்தளத்திலேயே கேள்விக்குறிகள் இருந்தால் காப்புப் படியிலிருந்தோ மூல விண்ணப்பத்திலிருந்தோ மீண்டும் பதிவு செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

குறுகிப்போகும் பெயர்கள்

கண்ணுக்கு எளிதில் புலப்படாத பிழையும் ஒன்றுண்டு. யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டும், தமிழ், இந்தி, வங்காளம் போன்ற மொழிகளின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகளும் தேவைப்படுகின்றன. ‘கோவிந்தராஜன்’ என்னும் பெயரில் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் ஏழு, உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் சேர்த்தால் குறியீடுகள் 12, பைட்டுகள் 36. இதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 12 பைட்டுகளே. பெயருக்கு 30 பைட்டுகள் மட்டும் ஒதுக்கப்பட்டிருந்தால் சில அமைப்புகள் பிழை என்று கூறி மறுத்துவிடும். வேறு சில, எஞ்சியதை வெட்டிவிட்டு ‘கோவிந்தராஜ’ என்று சேமித்துவிடும். எச்சரிக்கை ஏதும் எழாமல் ஒரு குடிமகனின் பெயர் மாறிவிடுகிறது.

இதைப் போன்றதே இருபகுதி உயிர்க்குறிகளின் சிக்கலும். ‘கொ’ என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டும் சமம் என்றே யூனிகோடு விதி கூறுகிறது. ஆனால் எண்களை மட்டும் ஒப்பிடும் தரவுத்தளம் இவற்றை வெவ்வேறு பெயர்களாகக் கருதி, ஒன்றைத் தேடும்போது மற்றொன்றைத் தராது. பதிவு செய்யும்போதே ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்வது இதற்குப் பரிகாரமாகும்.

எழுத்துகளைக் கோத்தலும் பக்க அமைப்பும்

இந்திய எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படுபவை அல்ல. ‘கெ’ என்பதில் முதலில் சேமிக்கப்படுவது ககரம், அதன்பின் கொம்பு. வரையும்போதோ கொம்பு முன்னே வர வேண்டும். தேவநாகரியின் இகரக் குறியும் அவ்வாறே மெய்யின் இடப்புறம் செல்ல வேண்டும். கூட்டெழுத்துகள் இணைந்து புது உருவம் பெற வேண்டும். இப்பணியைச் செய்யும் பகுதி அறிக்கை மென்பொருளில் இல்லையேல், கொம்பு மெய்க்குப் பின்னால் நிற்கும். அல்லது புள்ளியிட்ட வட்டத்தின் அருகே தனித்துத் தோன்றும். எழுத்துருவை மாற்றுவதால் இது தீராது. எழுத்துக் கோப்பு வசதியுடைய மென்பொருளையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பக்க அமைப்பிலும் கவனம் தேவை. ஆங்கிலத்துக்கென வகுத்த படிவத்தில் வரியின் உயரம் மாறாத அளவாக அமைந்திருந்தால், மேலும் கீழும் நீளும் குறிகள் வெட்டுப்படும். எழுத்துகளுக்கிடையே செயற்கையாக இடைவெளி விட்டால் உயிர்க்குறிகள் பிரிந்துபோகும். பிடிஎஃப் ஏட்டில் எழுத்துருவை உட்பொதிக்காவிட்டால் மற்றோர் அலுவலகத்தில் அது வேறு உருவில் திறக்கும்.

சோதிக்கும் முறை

கோளாறு கண்டவுடன் ஒவ்வோர் அமைப்பாக மாற்றிப் பார்ப்பது வீண் வேலை. சில வேளைகளில் கேடும் விளைக்கும். முதலில் காப்புப் படி எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்து, பிழையுற்ற ஒரே ஒரு பெயரைத் தேர்ந்து, அது பயணம் செய்யும் வழியெங்கும் பின்தொடர வேண்டும். தரவுத்தளத்தில் அது சரியாக உள்ளதா? ஏற்றுமதி செய்த கோப்பில் எவ்வாறு உள்ளது? இணைய உலாவியில் சரியாகத் தெரிந்து அறிக்கையில் மட்டும் பிழைபடுகிறதா? திரையில் சரியாக இருந்து அச்சில் மட்டும் மாறுகிறதா? எந்தப் படியில் பெயர் முதன்முதலாகச் சிதைகிறதோ அங்கேதான் பழுது உள்ளது. அதற்குப் பின்னுள்ள படிகளில் செய்யும் திருத்தமெல்லாம் பழுதை மறைக்குமேயன்றி நீக்காது.

வருமுன் காத்தல்

மென்பொருளை வாங்கும்போதே இச்சோதனைகளை நிபந்தனையாக்குவது சிக்கனமான வழியாகும். அந்தந்த மொழியின் கடினமான கூட்டெழுத்துகள், இருபகுதி உயிர்க்குறிகள், மிக நீண்ட பெயர்கள், ரூபாய்ச் சின்னம் ஆகியவை அடங்கிய ஒரு மாதிரிப் பக்கத்தைத் தயாரித்து, அது திரை, தாள், பிடிஎஃப் ஆகிய மூன்றிலும் பிழையின்றி வெளிவந்த பின்னரே மென்பொருளை ஏற்றுக்கொள்ளலாம். பிடிஎஃப் ஏட்டிலிருந்து ஒரு பெயரைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டி, அப்போதும் அது சரியாக இருக்கிறதா என்றும் பார்த்தல் நலம். பதிவுப் பணியாளர்களுக்கு யூனிகோடு விசைப்பலகையில் பயிற்சி அளிப்பதும் இதனோடு சேர்ந்து நடைபெற வேண்டும்.

திட்டங்களுக்கு ஒதுக்கப்படும் நிதியும் அலுவலர்களின் உழைப்பும் முடிவில் ஒரு பட்டியலில் உள்ள ஒரு வரியின் வழியாகவே குடிமகனைச் சென்றடைகின்றன. அந்த வரியில் அவரது பெயர் அவரது மொழியில் முழுமையாக இருப்பதை உறுதி செய்வது, அத்திட்டத்தை நிறைவேற்றும் பணியின் ஒரு பகுதியேயாகும்.