ஒரே பாஸ்வேர்டு... 700 பேர் வேலை காலி! எறையூர் சிப்காட்டை சுற்றி தொழில் செய்பவர்கள் எந்த கிளவுடை நம்பலாம்?

இங்கிலாந்தின் கேஎன்பி லாரி நிறுவனத்துக்கு 158 வயது, சுமார் 500 லாரிகள். 2023 ஜூனில் ஹேக்கர்கள் உள்ளே புகுந்து மொத்த டேட்டாவையும் பூட்டிவிட்டார்கள். ஊழியர் ஒருவரின் எளிதான பாஸ்வேர்டை ஊகித்தே நுழைந்திருக்கலாம் என்கிறார்கள். பணம் கொடுத்து மீட்க வழியில்லை, பேக்கப்பும் போச்சு. சில மாதங்களில் நிறுவனம் மூடப்பட, சுமார் 700 பேர் வேலை இழந்தார்கள். அந்த பாஸ்வேர்டு தன்னுடையதுதான் என்று அந்த ஊழியரிடம் இன்னும் சொல்லவில்லை என்றார் நிறுவனத்தின் இயக்குநர்.

இங்கிலாந்து கதை நமக்கு எதுக்கு?

பெரம்பலூர் மாவட்டம் எறையூர், நீண்ட காலமாக சர்க்கரை ஆலைக்கு பேர்போன ஊர். 2022 நவம்பரில் சிப்காட் தொழிற்பூங்காவும் அதைத் தொடர்ந்து காலணி உற்பத்தியும் வந்தன. இப்படி ஒரு பெரிய ஆலை வந்தால் அதைச் சுற்றி வேன் ஓட்டுபவர், கேன்டீன் நடத்துபவர், பேக்கிங் அட்டை சப்ளை செய்பவர் என்று சின்ன சின்ன தொழில்கள் முளைக்கும். அங்கெல்லாம் நிலைமை என்ன? ஜிஎஸ்டி, இ-வே பில், வங்கி, பிஎஃப் என எல்லா பாஸ்வேர்டும் ஒரு நோட்டில், இல்லை ஒரு வாட்ஸ்அப் மெசேஜில். கணக்கு முழுக்க ஒரே கம்ப்யூட்டரில், டேலியில். கணக்குப் பிள்ளை வேலையை விட்டுப் போனாலும் பாஸ்வேர்டு மாறாது!

பெரிய இடங்களும் தப்பவில்லை. தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்தில் ஊடுருவல் என 2024 மே மாதம் செய்தி வந்தபோது, பேச்சு ஒரு அட்மின் கணக்கின் பாஸ்வேர்டு பற்றியதாகத்தான் இருந்தது.

பாஸ்வேர்டுக்கு எது?

கூகுள் பாஸ்வேர்டு மேனேஜர்: ஆண்ட்ராய்டு போனிலேயே இருக்கு, இலவசம். தனி ஆளுக்கு போதும். ஆனால் எல்லாம் ஒரே ஜிமெயில் கணக்கில் தொங்குகிறது. ஊழியர்களோடு பகிர இது தோதாக இருக்காது.

ஸோஹோ வால்ட்: நம்ம ஊர் நிறுவனம். தனிநபருக்கு இலவசம், குழுவுக்கு கட்டணம். பாஸ்வேர்டை கண்ணில் காட்டாமலே ஊழியரை லாகின் செய்ய வைக்கலாம். அவர் வேலையை விட்டதும் அனுமதியை நிறுத்தினால் போதும். சிறு தொழிலுக்கு இதுதான் பெரிய பிளஸ்.

பிட்வார்டன்: இதன் நிரல் எல்லோரும் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது. இலவச கணக்கிலேயே இரண்டு பேர் பகிரலாம். முதலாளியும் கணக்காளரும் மட்டும் என்றால் இதுவே தாராளம்.

ஒன் பாஸ்வேர்டு: இலவசத் திட்டம் கிடையாது. முதன்மை பாஸ்வேர்டுடன் 'சீக்ரெட் கீ' என்ற நீளமான குறியீடும் சேர்ந்தால்தான் திறக்கும்.

அந்த சீக்ரெட் கீயின் மதிப்பு லாஸ்ட்பாஸ் விவகாரத்தில் புரிந்தது. 2022-ல் அந்நிறுவன இன்ஜினியர் ஒருவரின் வீட்டு கம்ப்யூட்டர் வழியாக புகுந்து, வாடிக்கையாளர் பெட்டகங்களின் பேக்கப்பையே அள்ளிச் சென்றார்கள். பெட்டகம் பூட்டியிருந்தது உண்மைதான். ஆனால் முதன்மை பாஸ்வேர்டு பலவீனமாக இருந்தவர்களுக்கு சிக்கல். எந்த செயலியை எடுத்தாலும் நீளமான முதன்மை பாஸ்வேர்டும் இரண்டாம் கட்ட சரிபார்ப்பும் கட்டாயம். முதன்மை பாஸ்வேர்டை மறந்தால் பெரும்பாலும் நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது. அதை மட்டும் தாளில் எழுதி பீரோவில் வைக்கலாம், தப்பில்லை.

இ-வே பில் தளத்திலும் ஒரே ஐடியை எல்லோரும் பயன்படுத்த வேண்டியதில்லை. லோடு ஏற்றும் இடத்தில் இருப்பவருக்கு தனி துணைப் பயனர் கணக்கு உருவாக்கும் வசதி இருக்கு.

டிரைவில் போட்டாச்சே, போதாதா?

போதாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கம்ப்யூட்டரோடு ஒத்திசைவில் இருக்கும் டிரைவில், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவ் குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். வைரஸ் ஃபைலை பூட்டினால், பூட்டிய ஃபைலே மேலேயும் ஏறிவிடும்.

ஆனால் சட்டம் கேட்பது வருடக் கணக்கில். ஜிஎஸ்டி ஆவணங்களை ஆண்டு ரிட்டர்ன் கடைசி தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அதாவது 2024-25 கணக்கு 2031 டிசம்பர் 31 வரை இருக்கணும். பதிவு பெற்ற கம்பெனி என்றால் 8 நிதியாண்டு. கம்பெனிகளின் மின்னணு கணக்குக்கு இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரி பேக்கப்பும் வேண்டும்.

'ஜிஎஸ்டி போர்ட்டலில்தான் எல்லாம் இருக்கே' என்பவர்களுக்கு: ஏழு ஆண்டுக்கு மேற்பட்ட ரிட்டர்ன் விவரங்களை 2024 ஆகஸ்ட் முதல் போர்ட்டலிலிருந்து எடுக்க ஆரம்பித்தார்கள். கோரிக்கை வந்த பிறகே திரும்ப வைத்தார்கள்.

ஆவணக் காப்புக்கு எது?

அமேசானின் கிளேசியர் டீப் ஆர்கைவ், மைக்ரோசாஃப்ட் அஸூரின் ஆர்கைவ், கூகுள் கிளவுடின் ஆர்கைவ் மூன்றுமே 'வச்சுட்டு மறந்துடலாம்' ரகம், மாத வாடகை ரொம்பக் குறைவு. மூன்றுக்கும் இந்தியாவிலேயே டேட்டா சென்டர் உண்டு. வித்தியாசம், திரும்ப எடுக்கும்போது தெரியும். அமேசானில் சாதாரணமாக 12 மணி நேரம், அஸூரில் 15 மணி நேரம் வரை காத்திருக்கணும். கூகுளில் உடனே கிடைக்கும், ஆனால் எடுப்பதற்கு தனி கட்டணம். முதல் இரண்டில் 180 நாளுக்கும், கூகுளில் 365 நாளுக்கும் முன்பே அழித்தாலும் காசு பிடிப்பார்கள்.

அமேசானில் 'ஆப்ஜெக்ட் லாக்' வசதியை கடுமையான முறையில் போட்டால், குறித்த தேதி வரை கணக்கின் உரிமையாளராலும் அழிக்க முடியாது. பாஸ்வேர்டு திருடு போனாலும் கணக்கு நோட்டு பத்திரம் என்பதால், ரேன்சம்வேர் பயத்துக்கு இதுதான் சரியான மருந்து. ஆனால் செட்டிங் தெரிந்த ஒருவர் உதவி வேண்டும். அது கிடைக்காவிட்டால் மாதம் ஒருமுறை காப்பி எடுத்து, பிறகு கழற்றி வைக்கும் ஹார்டு டிஸ்க்கே மேல்.

ஒரே கிளவுடையும் நம்பக்கூடாது. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் கிளவுடை கூகுள் தரப்பு தவறுதலாக அழித்துவிட்டது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு வாரம் போல கணக்கை பார்க்க முடியவில்லை. வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தது மீட்புக்கு கைகொடுத்தது.

ஏற்கெனவே சிக்கிவிட்டால்?

கம்ப்யூட்டரை இன்டர்நெட்டிலிருந்து துண்டியுங்கள். வேறொரு போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். 2022 ஏப்ரல் உத்தரவுப்படி, நிறுவனங்கள் சைபர் தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்கு தெரிவிக்க வேண்டும்.

இன்னொன்று, டேலி பேக்கப்பை மட்டும் சேர்த்து வைத்தால் ஆறு வருடம் கழித்து திறக்க அதற்கேற்ற மென்பொருள் கையில் இருக்கணும். அதனால் லெட்ஜர், இன்வாய்ஸ்களை வருடக் கடைசியில் பிடிஎஃப் ஆகவும் எடுத்து கூடவே வையுங்கள்.