காட்டின் வருங்காலத்தைக் கணித்தல்

நாளைய வானிலை பற்றிய அறிக்கை சரியா பிழையா என்பது நாளையே தெரிந்துவிடும். உலகக் காடுகள் நூறாண்டின் பின் என்னவாகும் என்ற கணிப்பையோ, கணித்தவரே இருந்து சரிபார்த்தல் அரிது. ஆயினும் அக்கணிப்பு இன்று தேவைப்படுகின்றது. அழிந்த காட்டை விரும்பியபோது மீட்க இயலாதன்றோ?

இதற்காக விஞ்ஞானிகள் கணிப்பொறியினுள் ஓர் உலகை அமைக்கின்றனர். அதன் நிலப்பரப்பு சதுரங்கப் பலகை போலக் கட்டங்களாக வகுக்கப்படும். ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய மழை, வெயில், வெப்பம், மண்ணின் ஈரம் ஆகியன எண்களாக இடம்பெறும். அவற்றைக் கொண்டு, இலைகள் எவ்வளவு காபனீரொட்சைட்டை உட்கொள்ளும், எவ்வளவு நீரை ஆவியாக வெளிவிடும், எத்தாவரம் தழைக்கும், எது மடியும் என்பவற்றைப் பொறி படிப்படியாகக் கணிக்கும். எண்ணிறந்த தாவர இனங்களைத் தனித்தனியே கணித்தல் இயலாதாகையால், அவை சில வகைகளாகத் தொகுக்கப்படும். பிரித்தானியாவின் ஹட்லி நிலையத்து மாதிரியில் இருந்த வகைகள் ஐந்தே: அகன்ற இலை மரம், ஊசியிலை மரம், பற்றை, இருவகைப் புற்கள்.

அம்மாதிரியைக் கொண்டு பீற்றர் கொக்ஸ் முதலானோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு கவலை தருவதாயிருந்தது. ஏறத்தாழ 2050 வரை காபனை ஏற்கும் நிலமும் தாவரமும் அதன்பின் அதனை வெளியிடத் தொடங்கும் என்றும், அமேசன் காடு வெப்பத்தாலும் வறட்சியாலும் பெரிதும் நலிவுறும் என்றும் அது கூறிற்று.

2013இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு 22 காலநிலை மாதிரிகளை ஆராய்ந்தது. அவற்றுள் ஒன்றின்படி மட்டுமே அமெரிக்க அயனமண்டலக் காடுகள் இந்நூற்றாண்டின் இறுதியில் தம் திணிவை இழந்தன. வெப்பத்துக்கும் மிகுந்த காபனீரொட்சைட்டுக்கும் மரங்கள் எவ்வாறு ஈடுகொடுக்கும் என்பதே பெரும் ஐயத்துக்கு இடமாயிற்று.

அங்ஙனமாயின் அமேசனுக்கு ஆபத்தில்லை எனலாமா? அதுவும் பொருந்தாது. மனிதர் காட்டை வெட்டுதலும் எரித்தலும் இக்கணக்குகளில் முழுமையாகச் சேரவில்லை. 2010 முதல் 2018 வரை விமானங்களில் சென்று காற்றின் மாதிரிகளைச் சேகரித்து ஆராய்ந்தோர், அமேசனின் தென்கிழக்குப் பகுதி ஏற்பதிலும் மிகுதியான காபனை வெளியிடுவதை 2021இல் அறிவித்தனர்.

கணிப்பொறி சோதிடம் கூறுவதில்லை. இன்ன நிலை தொடர்ந்தால் இன்னது விளையும் என்பதே அதன் விடை. ஒரு மாதிரியை மற்றொன்றோடு ஒப்பிட்டும், காட்டில் அளந்து கண்டதோடு பொருத்தியும் அவ்விடை திருத்தப்படுகின்றது. தொடரும் நிலையை மாற்றுவது மனிதர் கையிலேயே உள்ளது.