கண்ணாடிக்கு வெளிச்சம் பின்னாலிருந்து

கண்ணாடிப் பொருளைப் படம் எடுப்பதில் உள்ள சிக்கல், அதன் மேல் விழும் ஒளியில் பெரும்பகுதி உள்ளே புகுந்து மறுபக்கம் போய்விடுவதுதான். மண்பானையில் பட்ட ஒளி எல்லாத் திசையிலும் சிதறும்; எங்கிருந்து பார்த்தாலும் பானை தெரியும். சாதாரணக் கண்ணாடியிலோ, நேராக விழும் ஒளியில் பரப்புக்கு ஏறத்தாழ 4 விழுக்காடுதான் எதிரொளிக்கும். பிளாஷ் அடித்ததும் டம்ளரின் நடுவில் வெள்ளைப் பொட்டாக விழுந்து படத்தைக் கெடுப்பது அந்த 4 விழுக்காடுதான். அதனால் அனுபவம் உள்ளவர்கள் கண்ணாடிக்கு விளக்குப் போடுவதில்லை. அதன் பின்னணிக்குப் போடுகிறார்கள்.

வெள்ளைப் பின்னணி முறைக்கு ஸ்டூடியோ கூடத் தேவையில்லை. கல்பாக்கம் அணுசக்தி வளாக ஊழியர்கள் வசிக்கும் அணுபுரம் குடியிருப்பில், வெயில் விழும் ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டினால் போதும். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஜன்னலிலிருந்து சற்றுத் தள்ளி டம்ளரை வைக்க வேண்டும். அதன் நடுப்பகுதி வழியே வேட்டியின் வெண்மை அப்படியே தெரியும். விளிம்பில் கண்ணாடி வளைவதால் ஒளி விலகுகிறது. அங்கே லென்ஸுக்குத் தெரிவது வேட்டி அல்ல, வேட்டிக்கு அப்பால் பக்கவாட்டில் உள்ள இருட்டு. அந்த இருட்டுத்தான் டம்ளரைச் சுற்றிக் கறுப்புக் கோடாக வந்து அதன் வடிவத்தை வரைகிறது. வெளிச்சம் படத்தின் சட்டத்தைத் தாண்டி அகலமாகப் பரவினால் கோடு மெலிந்து மறையும். அப்போது சட்டத்துக்குச் சற்று வெளியே, இருபுறமும் கறுப்பு சார்ட் பேப்பரை நிறுத்தினால் கோடு திரும்ப வந்துவிடும்.

கறுப்புப் பின்னணி முறை இதற்கு நேர் தலைகீழ். அதே வேட்டிக்கு முன்னால், சட்டத்தை நிரப்பும் அளவுக்கு மட்டும் ஒரு கறுப்பு அட்டை வைக்கப்படும். அட்டையைச் சுற்றி எட்டிப் பார்க்கும் வெளிச்சம் விளிம்புகளில் விலகி வந்து வெள்ளிக் கம்பியாக ஒளிரும். பார்க்க அழகான முறை, ஆனால் இரக்கமற்றது. கைரேகை, துடைத்த துணியின் நூல், கடற்கரைக் காற்று படியவிட்ட உப்பு என எல்லாமே மின்னும். சோப்புப் போட்டுக் கழுவி, உலர்ந்த பின் கையுறையோடு தொடுவதே வழி.

டம்ளரில் திரவம் நிறைந்துவிட்டால் அதுவே லென்ஸாகி, பின்னால் உள்ளதை இடவலமாக மாற்றிக் காட்டும். நன்னாரி சர்பத் போன்ற அடர்நிறப் பானம் கறுத்துத்தான் விழும். டம்ளரின் பின்புறம், கேமராவுக்குத் தெரியாத அளவில் வெட்டிய வெள்ளைக் காகிதத்தைச் சாய்த்து, அதன் மேல் ஒரு விளக்கைத் திருப்பினால் சர்பத் உள்ளிருந்தே எரிவதுபோல் சிவக்கும்.

தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் போன்ற தட்டையான பரப்பில் தொல்லை வேறு விதம். ஓவியம் கண்ணாடியின் பின்புறம் தீட்டப்பட்டிருக்கும். முன்புறத்தில் கேமராவின் நிழலுருவமே விழும். போலரைசர் வடிகட்டி எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்லி விற்கப்படுகிறது. உண்மையில், செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 56 பாகைச் சாய்வில் வரும் எதிரொளியைத்தான் அது நன்றாக அடக்கும். நேர் எதிரே நின்று எடுக்கும்போது பெரிய பயன் இல்லை. லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்ட கறுப்புத் துணிக்குப் பின்னால் கேமராவை மறைத்து, விளக்குகளை இருபுறமும் 45 பாகையில் வைப்பதே மேல்.

மிகக் கடினமான கண்ணாடி கல்பாக்கத்திலேயே இருக்கிறது. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், உலையில் எரிந்த எரிபொருளைச் சோதிக்கும் கதிரியக்க அறைகளுக்குள் ஈயக் கண்ணாடி ஜன்னல் வழியாகத்தான் பார்க்க முடியும். இத்தகைய ஜன்னல்கள் பல கனத்த பாளங்களால் ஆனவை. ஈயக் கண்ணாடியில் எதிரொளி 4 விழுக்காட்டையும் மிஞ்சும். பரப்புகள் கூடக்கூட இழப்பும் கூடும். இதைக் குறைக்கப் பல ஜன்னல்களில் பாளங்களுக்கிடையே கனிம எண்ணெய் ஊற்றப்படுகிறது. எண்ணெயின் ஒளிவிலகல் எண் காற்றினதைவிடக் கண்ணாடிக்கு நெருக்கமானது என்பதால் எதிரொளி பெருமளவு அடங்கிவிடும். இத்தகைய அறைகளுக்குள் சோடியம் ஆவி விளக்கு எரிவதும் வழக்கம். ஈயக் கண்ணாடியின் மஞ்சள் சாயலில் மஞ்சள் ஒளி தடையின்றிக் கடக்கும். ஏறத்தாழ 589 நானோமீட்டர் என்ற ஒரே நிறமாக இருப்பதால் கனத்த கண்ணாடியில் நிறம் பிரிந்து ஓரங்கள் கலங்குவதும் குறையும். பார்ப்பவர் நிற்கும் பக்கத்தை இருட்டாக வைத்தால் அவருடைய உருவமும் ஜன்னலில் விழாது. அந்த மஞ்சளில் எடுத்த படத்தில் வேறு நிறத்தை மீட்க வழியில்லை. கறுப்பு வெள்ளைக்கு மாற்றிக்கொள்வதே நல்லது.