படகு ஏறும் முன் எத்தனை விழுக்காடு?

கோலசிலாங்கூர் வட்டாரத்தில், சிலாங்கூர் ஆற்றை ஒட்டியுள்ள புக்கிட் பெலிம்பிங்கிற்குச் சுற்றுப்பயணிகள் பொழுது சாயும் வேளையில்தான் வரத் தொடங்குவர். ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாக ஒரே தாளத்தில் ஒளிர்வதைப் படகில் சென்று பார்ப்பதே அவர்களின் நோக்கம்.

அங்குள்ள மாணவி ஒருத்தி கிள்ளானிலிருந்து வந்த உறவினர்களோடு படகுத்துறைக்குக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். மணி மாலை 6.30. வீட்டை விட்டு 7.45க்குப் புறப்பட வேண்டும். அம்மாவின் திறன்பேசியில் 20 விழுக்காடு மின்னூட்டமே எஞ்சியிருக்கிறது. படகுச் சவாரி முடிந்ததும் மாமாவை அழைக்க அந்தத் திறன்பேசி வேண்டும். மறுநாள் விடியற்காலை 5 மணிக்கு, செம்பனைத் தோட்ட வேலைக்குச் செல்லும் அம்மாவை எழுப்புவதும் அதே திறன்பேசிதான். மின்னூட்டியைச் செருகியதும் திரையில், ‘முழுமையடைய 1 மணி 55 நிமிடம்’ என்று ஓர் அறிவிப்பு தோன்றுகிறது. கையில் இருப்பதோ 75 நிமிடம். அதற்குள் எவ்வளவு ஏறும்?

விடையைத் திரையிடம் கேட்காமலே கணக்கிடலாம். மின்கலத்தின் மீது 5000 மில்லி ஆம்பியர் மணி என்று குறிக்கப்பட்டிருந்தால், அது 5 ஆம்பியர் மணி ஆகும். இதனை மின்கலத்தின் சராசரி மின்னழுத்தமான 3.85 வோல்ட்டால் பெருக்கினால் 19.25 வாட் மணி கிடைக்கும். மின்கலம் சேமித்து வைக்கக்கூடிய ஆற்றல் இவ்வளவே. அடுத்து, மின்னூட்டியின் அடியில் உள்ள பொடி எழுத்துகளைப் படிக்க வேண்டும். அங்கு 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் அதன் திறன் 10 வாட். ஆயினும், 10 வாட்டும் மின்கலத்தில் போய்ச் சேருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. திறன்பேசியைத் தொட்டுப் பார்த்தாலே அந்த வெப்பம் தெரியும். ஐந்தில் ஒரு பங்கு வீணாவதாகக் கொண்டால், எஞ்சுவது 8 வாட். 75 நிமிடத்தில் 10 வாட் மணி ஏறும். அதாவது, ஏறத்தாழ 52 விழுக்காடு. முன்பிருந்த 20 விழுக்காட்டோடு சேர்த்தால் 72.

அதே வீட்டு மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய 5 வாட் மின்னூட்டியைப் பயன்படுத்தியிருந்தால் 46 விழுக்காட்டைத்தான் எட்டியிருக்கும். திறன்பேசி ஏற்கும் என்றால், 25 வாட் மின்னூட்டி ஒரு மணி நேரத்திலேயே பெரும்பகுதியை நிரப்பிவிடும். ‘திறன்பேசி ஏற்கும் என்றால்’ என்பதே இங்கு முக்கியம். விரைவு மின்னூட்டியைச் செருகியவுடன் அதுவும் திறன்பேசியும் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொண்டு, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என முடிவு செய்கின்றன. இரண்டும் ஒரே விரைவு முறையை அறியாவிட்டால், விலையுயர்ந்த 67 வாட் மின்னூட்டியும் சாதாரண வேகத்தில்தான் வேலை செய்யும். மெல்லிய, நைந்துபோன கம்பிவடமும் வேகத்தைக் குறைக்கும். பலர் திறன்பேசியைக் குறை சொல்கின்றனர். ஆனால், குற்றவாளி பெரும்பாலும் அந்த வடம்தான்.

திரையில் தோன்றும் நேரம் ஏன் அடிக்கடி மாறுகிறது? திறன்பேசி வருங்காலத்தை அறிந்து அதைச் சொல்வதில்லை. மின்கலத்திற்குள் செல்லும் மின்னோட்டத்தை ஒரு சிறு சில்லு அளந்துகொண்டே இருக்கும். இப்போதைய வேகம் இப்படியே நீடித்தால் எப்போது நிரம்பும் என்று திறன்பேசி கணக்கிடுகிறது. இடையில் யாராவது காணொலி பார்க்கத் தொடங்கினால், உள்ளே வரும் ஆற்றலில் ஒரு பங்கு உடனே செலவாகிவிடும். அப்போது 50 நிமிடம் என்றிருந்தது 1 மணி 20 நிமிடமாகத் தாவும். ஆண்டிராய்டு திறன்பேசிகளில் இந்த மதிப்பீடு 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் இடம்பெற்றது.

கடைசி 20 விழுக்காட்டிற்கு வேறொரு காரணமும் உண்டு. குறுகிய வாயுள்ள போத்தலில் நீர் பிடிப்பவர் முதலில் குழாயை நன்றாகத் திறந்துவிடுவார். விளிம்பை நெருங்கும்போது வழிந்துவிடாமல் இருக்கக் குழாயை மெல்ல மூடிக்கொண்டே வருவார். லித்தியம் அயனி மின்கலமும் அப்படித்தான். தொடக்கத்தில் அது வேகமாக மின்னோட்டத்தை வாங்கிக்கொள்கிறது. அதன் மின்னழுத்தம் 4.2 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேலான எல்லையைத் தொட்டதும், அந்த அழுத்தம் கூடாமல் காக்கப்படுகிறது. மின்னோட்டம் படிப்படியாகக் குறைகிறது. இந்த எல்லையை மீறினால் மின்கலம் கெடும், தீப்பற்றவும் கூடும். ஆகவே, 20இலிருந்து 70ஐ எட்டும் வேகத்தை வைத்து 100ஐக் கணக்கிடுவது தவறு.

இவ்வகை மின்கலத்தை 1991இல் சோனி நிறுவனம் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்கு வழிவகுத்த ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அக்கிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்போது குட்இனஃபுக்கு வயது 97. அத்தனை வயதில் நோபல் பரிசு பெற்றவர் அதற்கு முன் எவருமில்லை.

கோலசிலாங்கூர் போன்ற வெப்பமான இடத்தில் வெயிலும் கணக்கில் சேர வேண்டும். ஆப்பிள் நிறுவனம் தன் திறன்பேசிகளை 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தப் பரிந்துரைக்கிறது. நண்பகலில் தகரக் கூரையின் கீழ் அந்த அளவு எளிதில் தாண்டிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் சொல்லவே வேண்டாம். சூடேறிய திறன்பேசி தன்னைக் காத்துக்கொள்ள மின்னேற்றத்தைத் தானே குறைக்கும் அல்லது நிறுத்தும். தலையணைக்கு அடியில் வைத்து இரவு முழுவதும் மின்னேற்றுவது இன்னும் ஆபத்தானது. வெப்பம் வெளியேற வழியில்லை. வீட்டுச் சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டைக் குறைத்துத் தருவது அந்தச் சிறிய மின்னூட்டிதான். எனவே, சிரிம் முத்திரை உள்ளதைப் பார்த்து வாங்குவது அவசியம்.

மணி 7.45. மாணவி கம்பிவடத்தைக் கழற்றுகிறாள். இடையில் இரண்டு அழைப்புகள் வந்ததால் திரையில் 70 விழுக்காடு. படகோட்டி கேமராவின் ஒளிவீச்சை அணைத்துவிடச் சொல்கிறார். அந்த ஒளி மின்மினிகளைக் கலைத்துவிடும். ஒளிவீச்சு இல்லாமல் எடுத்த படத்தில் இருட்டைத் தவிர வேறொன்றும் விழவில்லை. திறன்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு அவள் மரங்களைப் பார்க்கிறாள். மாமாவை அழைக்கும்போது 66 விழுக்காடு இருந்தது.